பிரிக்காத கப்பல்

மேல்மாடியில் குழாய் வெடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் கீழே மெக்கானிக்கின் சகலை வீட்டுச் சுவர்களில் ஈரம் இறங்கி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. சனிக்கிழமை காலை அவர் பதினாறு பிளாஸ்டிக் டப்பாக்களைச் சின்ன லாரியில் ஏற்றி, பின்பக்கத்தில் டப்பாவோடு டப்பாவாகத் தானும் உட்கார்ந்து, மெக்கானிக்கின் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கட்டின பெண்டாட்டியைக்கூட அவர் அத்தனை பத்திரமாக எங்கேயும் கூட்டிப் போனதாக யாரும் சொன்னதில்லை.

டப்பாக்களில் இருந்தவை வீடியோ கேம்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துச் சேர்த்தவை. சுவரைக் கொத்திப் பூசி முடிக்க மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை தூசியும் ஈரமும் படாத இடம் வேண்டும். மெக்கானிக்கின் வீட்டில் அப்படி இருந்தது ஒரே ஒரு சின்ன அறைதான். அதுதான் அவன் படுக்கிற அறையும்.

அவன் லிப்ட் பழுது பார்க்கிறவன். லிப்ட் எந்த நேரத்தில் நிற்கும் என்று லிப்டுக்கே தெரியாது. ஆகவே அவனுக்குத் தூக்கம் கிடைப்பது பெரும்பாலும் பகலில், மனைவி மருந்துக் கடை கவுண்ட்டருக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு. எலி வளையானாலும் தனி வளை என்று அந்த அறையில் ஒரு மெத்தையைப் போட்டு வைத்திருந்தான். மெத்தை சுருட்டப்பட்டு ஹாலுக்கு வந்தது. டப்பாக்கள் உள்ளே போயின.

போகும்போது சகலை சொல்லிவிட்டுப் போன கட்டளைகள் ஒரு பக்கத்துக்கு வந்தன. ஜன்னல் திறக்கக்கூடாது. வெயில் படக்கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்துக்கு மேல் அடுக்கக்கூடாது. ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்களை வாரம் ஒரு தடவை காய வைக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கிற ஈரப்பத மீட்டரை தினமும் காலையில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். கடைசியாக, வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, தொட வேண்டி வந்தால் கையைக் கழுவிவிட்டுத் தொடச் சொன்னார். சொல்லிவிட்டு மெக்கானிக்கின் கைகளைப் பார்த்தார். கிரீஸ் ரேகைக்குள் போய்க் குடியேறிய கைகள். "ரெண்டு தடவை கழுவுங்க சகல," என்றார்.

இருவருக்கும் கேம் ஆசை உண்டு என்பது கல்யாணத்தன்றே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளைக் கோலத்தில் மெக்கானிக் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் வந்து உட்கார்ந்த மூத்த சகலை அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார். அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் அவர் இவன் வீட்டுக்கு வந்தபோது மெக்கானிக் ஆசையாகத் தன்னுடைய பிஸ்கட் தகர டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே முப்பது முப்பத்தைந்து சிடிக்கள், பெட்டி இல்லாமல், காகித உறைகளில். பாதி பழைய வாடகைக் கடைகள் மூடும்போது அள்ளி வந்தவை. மார்க்கர் பேனாவால் எண் எழுதியவை, பற்பசை போட்டுத் தேய்த்தவை, யாரோ காப்பி டம்ளரை வைத்த வட்டத்தோடு இருந்தவை. சகலை சட்டைப் பையிலிருந்து சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் வீட்டு ஆட்களிடம் ஒன்றும் சொல்லாமல் இருப்பாரே, அந்த முகம். கடைசியில் மூடியைச் சாத்திவிட்டு, "பாவம்," என்றார். யாரைச் சொன்னார் என்று மெக்கானிக்குக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சகலையிடம் ஐந்து தரங்கள் இருந்தன. பிரிக்காதது, புதுசு மாதிரி, நல்லது, சுமார், குப்பை. கையேட்டுப் புத்தகத்தின் மூலை மடிந்திருந்தால் ஒரு தரம் இறங்கும். விலைச்சீட்டு ஒட்டிய தடம் இருந்தால் இன்னொன்று. யாராவது பெயர் எழுதியிருந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. மெக்கானிக்கின் கணக்கு வேறு. ஓடினால் நல்லது, ஓடாவிட்டால் தேய்த்துப் பார்க்கலாம், தேய்த்தும் ஓடாவிட்டால்தான் குப்பை. இதைப் பற்றி இருவரும் பதினான்கு வருஷமாக எல்லாக் குடும்ப விசேஷங்களிலும் வாதாடினார்கள். பிறகு அலுத்துப்போய் வாதாடுவதை நிறுத்தி, வாதாடின மாதிரி தலையாட்டிக்கொள்வதோடு சரி.

பதினாறு டப்பாக்களுக்கும் ராஜா ஒன்று உண்டு. இருவரும் அதைக் 'கப்பல்' என்பார்கள். சரக்குக் கப்பல் ஒன்றை ஓட்டிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போகிற ஆட்டம். கொஞ்சம்தான் வெளியிட்டார்கள், வெளியிட்ட கம்பெனியும் முழுகிப்போயிற்று. சகலையிடம் இருந்தது பிரிக்காதது, மேலே கண்ணாடித்தாள் பளபளவென்று. மெக்கானிக்கிடமும் ஒரு கப்பல் இருந்தது, வாடகைக் கடை எண் எழுதின சிடியாக. ஐந்து துறைமுகம் வரை ஒழுங்காகப் போகும். ஆறாவதுக்குக் கிளம்பினால் கடலின் நடுவே அப்படியே உறைந்து நின்றுவிடும். சிடியின் ஓரத்தில் இருந்த ஒரே ஒரு ஆழமான கீறல்தான் காரணம். தேய்க்காத பொருள் இல்லை.

இணையத்தில் யாராவது ஆடுவதைப் பார்த்துக்கொள்ளலாமே என்று மகள் சொன்னாள். அடுத்தவன் போனதைப் பார்த்தால் பார்த்த மாதிரிதான் இருக்கும், போன மாதிரி இருக்குமா என்றான் அவன். சகலையிடம் ஒரு தடவை, ஒரே ஒரு வாரத்துக்குக் கேட்டுப் பார்த்ததும் உண்டு. சிறுநீரகத்தைக் கேட்டது போல அவர் சிரித்தார்.

சின்ன அறை போனதிலிருந்து மெக்கானிக்குக்குத் தூக்கம் போயிற்று. ஹாலில் வெளிச்சம். கீழ்த்தளத்தில் யாரோ துளை போடுகிற சத்தம். அழைப்பு மணி வேறு. ஐந்தாவது வாரம் ஆஸ்பத்திரி லிப்ட் ஒன்று மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றது. எட்டுப் பேர் ஏற வேண்டியதில் பதினோரு பேர் ஏறியிருந்தார்கள். மேலே இயந்திர அறையில் கையால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, நாற்பது நிமிஷத்தில் அவர்களை இறக்கினான். வெளியே வந்த பதினோரு பேரும் வரிசையாக அவனைத்தான் திட்டினார்கள். ஒரு அம்மா மட்டும் திட்டாமல், தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள். மறுநாளும் அதே லிப்ட் நின்றது. அதற்கு மறுநாள், புதன்கிழமை, காலை பதினோரு மணிக்கு அவன் வீட்டுக்கு வந்தபோது தோள்கள் இரண்டும் யாருடையவோ போல் இருந்தன.

ஹாலில் படுத்தான். துளை போடும் சத்தம் தரை வழியாகப் பல்லுக்கு ஏறியது. எழுந்து சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டப்பாக்களின் நடுவே இருந்த இடைவெளியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அங்கே சத்தம் குறைவு. கண்ணுக்கு நேராக, ஊடுருவித் தெரிகிற டப்பா ஒன்றில், கப்பல் இருந்தது.

ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் என்று சொல்ல முடியாது. கோபத்துக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். தன் அறையில் தன்னைவிட வசதியாக ஒரு விளையாட்டு படுத்துக்கொண்டிருக்கிறது, அதை யாரும் ஒரு நாளும் விளையாடப் போவதில்லை என்று மட்டும் தோன்றியது. எழுந்து போய்க் கையைக் கழுவினான். இரண்டு தடவை. துணியில் ஈரம் போகத் துடைத்துவிட்டு, கருவிப் பையிலிருந்த மெல்லிய கத்தியால் கண்ணாடித்தாளை ஒரு ஓரமாக, நேர்கோடாக, அறுத்தான். சத்தமே வரவில்லை.

பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு சிடி இருந்தது. கப்பல் இல்லை. விரல்கள் பத்தும் பழகி வேகமாகத் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுக்கிற சிடி. கையேடு இருக்க வேண்டிய இடத்தில், கனத்துக்காக நாலாக மடித்து வைத்த ஏதோ மாத்திரை டப்பாவின் அட்டை.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். முதலில் சிரிப்பு வந்தது. யாரோ ஒரு கெட்டிக்காரன் நல்லதை எடுத்துக்கொண்டு, கையில் கிடைத்ததை உள்ளே போட்டு, மறுபடி தாள் சுற்றிச் சகலையின் தலையில் கட்டியிருக்கிறான். சிரிப்பு பாதியில் நின்றது. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? பிரித்தவன் இவன். பக்கத்தில் யாருமில்லை. வீட்டில் கீறல் விழுந்த கப்பல் ஒன்றை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக ஏங்குகிறவனும் இவன்தான். மாத்திரை அட்டை வேறு, மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவளின் வீட்டில்! கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். சொல்லாமல் இருந்தால் பிரித்த குற்றம் ஒன்று. சொன்னால் திருடின குற்றமும் சேரும்.

சாயங்காலம் மனைவி வந்ததும் அவளிடம் சொன்னான். அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பெட்டியை வாங்கிப் பார்த்தாள், அட்டையையும் பிரித்துப் பார்த்தாள். அந்த மாத்திரை கடைக்கு வருவது நின்று பத்து வருஷமாயிற்று என்றாள். அது ஒரு சாட்சிதான், ஆனால் அந்த சாட்சியை யார் விசாரிக்கப் போகிறார்கள்? கடையில் தாள் சுற்றுகிற மெஷின் இருக்கிறது, கொண்டு போய்ச் சுற்றி வருகிறேன், இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னாள்.

"இத்தனை வருஷம் பொய்யா இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும். அத்தானுக்கு நிம்மதி, நமக்கும் நிம்மதி," என்றாள்.

அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் வழக்கம் போல் ஈரப்பத மீட்டரைப் படம் பிடித்து அனுப்பினான். இரண்டு நாளும் கட்டைவிரல் உயர்த்திய படம் பதிலாக வந்தது. பொய் சொல்கிறவனுக்குக் கிடைக்கிற சம்பளம் போல இருந்தது அது.

சனிக்கிழமை சகலையே போன் செய்தார். குரலில் அபூர்வமாக ஒரு உற்சாகம். அவருடைய சேகரிப்பாளர் குழுவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறாராம். கப்பலைக் கொடுத்தால் அவரிடம் இருக்கிற பிரிக்காத இரண்டு கேம்களைக் கொடுப்பதாகச் சொல்கிறாராம். கப்பலை ஆறு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பின்னணிக்கு ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளச் சொன்னார்.

தாள் சுற்றி வைத்துவிடலாம் என்பது இதோடு முடிந்தது. இதுவரை ஒரு வீட்டுக்குள் கிடந்த பொய், இனி அடுத்த வீட்டுக்குப் போகப் போகிறது, அதுவும் இவன் எடுத்த படத்தோடு. நாளைக்கு நேரில் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தான். மனைவி தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம், அக்கா தங்கைக்குள் இதை ஏன் கொண்டு போக வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனான்.

சகலையின் வீடு வீடாக இல்லை. சுவர்கள் செங்கல் தெரியக் கொத்தப்பட்டு, சோபாவும் கட்டிலும் பிளாஸ்டிக் விரிப்புக்குள் பிணம் போல் கிடந்தன. நடக்கிற இடமெல்லாம் காலடித் தடம் வெள்ளையாகப் பதிந்தது. சகலை கொல்லைப்புறக் கதவோரம் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். தலைமுடியில்கூடச் சிமெண்ட் தூசி. மைத்துனி ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, இரண்டு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தண்ணீர் நின்றுபோவதற்குள் துணி துவைக்க வேண்டும் என்று உள்ளே போனாள்.

மெக்கானிக் பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினான். வழி முழுக்க யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"நான்தான் பிரிச்சேன் சகல. புதன்கிழமை. விளையாடிப் பாக்கலாம்னு. உள்ள கப்பல் இல்ல."

சகலை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து, முதலில் அறுத்த இடத்தைப் பார்த்தார். நேராகத்தான் அறுத்திருக்கிறீர்கள் என்றார். பிறகு பெட்டியைத் திறந்தார். தட்டச்சு சிடியை ஓரங்களில் மட்டும் பிடித்து வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்ல. புதுசு மாதிரி," என்றார்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நான் மாற்றி வைக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தான். சகலை கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தெரியும். வாங்கின மறுநாளே தெரியும். கம்பெனியில தாளைக் கவர் ஒட்டுற மாதிரி மடிச்சு ஒட்டுவாங்க. இது சூடு காட்டிச் சுருக்கினது. மூலையில கடுகு மாதிரி ஒரு முடிச்சு இருந்துச்சு. ஒன்பது வருஷமா அந்த முடிச்சைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

"பிரிச்சுப் பாக்கணும்னு தோணலையா?"

"பிரிச்சா தெரிஞ்சிடுமே சகல."

கொல்லையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சகலை சிடியைத் திரும்ப வைத்து, மாத்திரை அட்டையைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்து, பெட்டியை மூடினார். அவர் வண்டி இன்சூரன்ஸில் சேத மதிப்பீடு செய்கிறவர். நாள் முழுக்க நசுங்கினதையும் உடைந்ததையும் பார்த்து எழுதுகிறேன், வீட்டுக்கு வந்தால் நசுங்காத ஒன்றைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றார். மெக்கானிக் அதுவரை இதைக் கேட்டதில்லை. பதினான்கு வருஷம் தரம் தரம் என்று பேசியிருக்கிறார்கள், இதைப் பேசியதில்லை.

ஆனாலும் ஒன்று அவன் நெஞ்சில் முள்ளாக நின்றது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தெரிஞ்சும் அந்த டாக்டருக்குக் கொடுக்கப் போனீங்களே?"

சகலை டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவரும் பிரிக்க மாட்டார்."

அது சரி என்று அவனால் சொல்ல முடியாது. தப்பு என்று சொல்ல, அடுத்தவன் பொருளை அறுத்துவிட்டு வந்தவனுக்கு வாய் ஏது? மறுபடி தாள் சுற்றித் தர ஆள் இருக்கிறதா என்று சகலை மெல்லக் கேட்டார். இருக்கிறது, ஆனால் நான் கொண்டு போக மாட்டேன் என்றான். அவர் தலையை ஆட்டினார். கேட்டுவிட்டோமே என்கிற வெட்கம் அவர் முகத்தில் தெரிந்தது, மறுத்துவிட்டானே என்கிற நிம்மதியும் கொஞ்சம் தெரிந்தது.

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆறாவது துறைமுகத்துல அப்படி என்ன இருக்குது?" என்று கேட்டார்.

"தெரியாதே. அதுக்குத்தானே பிரிச்சேன்."

"மொத அஞ்சுல?"

அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது, மனுஷர் கப்பலை ஒரு தடவைகூட ஆடினதில்லை. ஆகவே சொன்னான். முதல் துறைமுகத்தில் மழை விடவே விடாது, உப்பு மூட்டை நனையாமல் ஏற்ற வேண்டும். இரண்டாவதில் சுங்க அதிகாரி ஒருத்தி, எதைக் கேட்டாலும் நாளைக்கு வா என்பாள், நிஜமாகவே மறுநாள் போனால்தான் கையெழுத்துப் போடுவாள். மூன்றாவதுக்குப் போகிற வழியில் பனிமூட்டம், மணியோசையைக் கேட்டுக் கேட்டுத்தான் கப்பலைத் திருப்ப வேண்டும். கைகளால் சுக்கான் பிடித்துக் காட்டிக்கொண்டே சொன்னான். மணி எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்ல நிமிர்ந்தபோது சகலையின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, மடியில் பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி தூங்கிவிட்டார்.

மைத்துனி ஈரக் கையோடு வந்து பார்த்தாள். "எழுப்பாதீங்க தம்பி. ஒரு மாசமா இந்தச் சத்தத்துல மனுஷன் கண்ணே மூடலை," என்று அடிக்குரலில் சொன்னாள். அவன் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

அன்று மாலை சகலை தன் குழுவில் போட்ட செய்தியை அவரே இவனுக்கும் அனுப்பி வைத்தார். மன்னிக்கவும், கப்பல் இனி மாற்றத்துக்கு இல்லை, சகலை வீட்டில் வைத்திருந்தபோது தவறுதலாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. கீழே முப்பது நாற்பது பேர் துக்கம் விசாரித்திருந்தார்கள். சொந்தக்காரர்களிடம் கொடுத்தால் இப்படித்தான் என்று பல் டாக்டர் எழுதியிருந்தார். சில பொருள்களைப் பூட்டி வைக்க வேண்டும், சில உறவுகளையும்தான் என்று இன்னொருவர்.

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளே என்ன இருந்தது என்று அத்தான் ஒரு வரி சேர்த்து எழுதினால் குறைந்தா போய்விடுவார், ஊர் முன்னால் நீங்கள் எதற்குக் காட்டானாக நிற்க வேண்டும் என்று கேட்டாள். பிரித்தது நான்தானே, அவர் எழுதினதில் பொய் ஒன்றும் இல்லையே என்றான் அவன்.

"அந்த டாக்டர் கொடுக்கிறதா இருந்த ரெண்டும் என்ன லட்சணமோ," என்றாள் அவள்.

அதை அவன் யோசித்துப் பார்க்கவில்லை. இப்போது யோசித்தான், கொஞ்சம் சிரித்தான். சமையலறையில் மகள் தட்டுகளை எடுத்து வைத்தாள். காலையில் ஆஸ்பத்திரியில் புதுக் கம்பிவடம் மாட்டுகிற வேலை, ஏழு மணிக்கே போக வேண்டும். மெத்தையை ஹாலில் விரித்து, சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் படுத்தான். கூப்பிட்டபோது அவன் நல்ல தூக்கத்தில் இருந்தான், எழுந்திருக்கவில்லை.